புறவாசல் முருங்கை... குக்கரில் கூட்டாஞ்சோறு!

மணி பதினொன்று. பிரிட்ஜைத் திறந்தால் இரண்டு கத்திரிக்காய், ஒரு வாழைக்காய், வாடிப்போன நாலு அவரைக்காய். "இன்னைக்கு மத்தியானத்துக்கு என்ன செய்ய?" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறீர்களா? கொஞ்சம் புறவாசல் பக்கம் எட்டிப் பாருங்கள். முருங்கை நிற்கிறதா? பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று? அப்புறம் என்ன கவலை! இன்னைக்கு உங்க வீட்டில் கூட்டாஞ்சோறு.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தப் பேரைச் சொன்னாலே நாக்கு ஊறும். வெளியூர்க்காரர்கள், "சாம்பார் சாதம்தானே?" என்பார்கள். இல்லவே இல்லை. இதில் பொடி கிடையாது. தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் பச்சையாக அரைத்துச் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், முருங்கைக்கீரை. கீரை போடாமல் கூட்டாஞ்சோறு என்று சொன்னால் நெல்லைச் சீமையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!

ஒரே பாத்திரம், கையில் கிடைத்த காய், கொல்லையில் பறித்த கீரை. முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு தயார். வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதைவிட வசதியான சமையல் உண்டா? ஆனால் அதே பொருள்களை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதில்தான் ருசியும் சத்தும் இருக்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

மரத்தை வெட்டலாமா?

தாமிரபரணிக்கு வடக்கே, மதுரை ரோட்டில் இருக்கிறது தச்சநல்லூர். 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி ஆனபோது அதில் சேர்ந்த ஊர். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுக்களையைத் தாண்டினால் புறவாசல். அங்கே ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்கார வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய் ஒரு கொப்பு ஒடித்து வந்து சமையலை முடித்துவிடுவார்கள்.

இப்போது மனை சின்னதாகிவிட்டது. இருக்கிற கொஞ்ச இடத்துக்கும் சிமெண்ட் பூசிவிடுகிறோம். மிஞ்சி நிற்கிற முருங்கைக்கும் மழைக்காலத்தில் ஆபத்து வருகிறது. காரணம், கம்பளிப்பூச்சி.

"அத்தை, மரத்துல கம்பளிப்பூச்சி அடை அடையா இருக்கு. பிள்ளைங்க நடமாடுற இடம். பேசாம வெட்டிப் போட்ருவோமா?"

"வேண்டாம்ளா. கொப்பைத் தறிச்சு விடு, போதும்."

எத்தனையோ வீட்டில் நடக்கிற பேச்சு இது. அத்தை சொல்வதுதான் சரி. பூச்சி பகலில் தண்டில் கூட்டமாக அடைந்து கிடக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, நீளமான துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடலாம். வெறும் கையால் தொடக்கூடாது. ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் உருவித் தின்னப்போகிற கீரை அது! உயரமான கிளைகளைத் தறித்துவிட்டால் மரம் புதிதாகத் தளிர்க்கும். கீரையும் கைக்கு எட்டும்.

"ஒரு கட்டுக் கீரை கடையில் வாங்கினால் போச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

வெளுத்துப்போன கண் இமை

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுவதற்கும் இது 57 சதவீதம். அதாவது, உங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு உண்டு.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11. ஆணுக்கு 13. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, காலையில் எழும்போதே அசதி, கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருப்பது எல்லாம் அடையாளங்கள். இன்னொன்றும் இருக்கிறது. அரிசி களையும்போது பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போடும் ஆசை! "சும்மா ஒரு பழக்கம்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், ஐஸ் கட்டி போன்றவற்றைத் தின்னத் தோன்றும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். உங்க பெண் அப்படிச் செய்தால் அதட்டாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கீரையில் இருக்கு... உடம்பில் ஒட்டுதா?

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய சத்துணவு நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு நாலரை மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். வைட்டமின் ஏ-யாக மாறக்கூடிய கரோட்டினும் ஏராளம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நாலு பேர் இருக்கும் வீட்டில் 100 கிராம் கீரை போட்டால் ஆளுக்கு 25 கிராம். அதில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். பருப்பையும் சேர்த்தால் இரண்டு. ஆனால் வயது வந்த பெண்ணுக்குத் தினமும் சாப்பாட்டில் வேண்டியது 29 மில்லிகிராம்! ஆணுக்கு 19. மாதவிலக்கில் பெண் ரத்தம் இழப்பதால்தான் இந்த வித்தியாசம். ஆகவே, ஒருநாள் கீரை சாப்பிட்டுவிட்டு ரத்தம் ஊறிவிட்டது என்று நினைக்கக்கூடாது. வாரத்தில் மூன்று நாளாவது கீரை, மற்ற நாளில் கம்பு, எள், தோல் உளுந்து, சுண்டல் என்று மாறி மாறி வரவேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு அவ்வளவு சுலபமாக உடம்பில் ஒட்டாது. பத்தில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரிது. அதை ஒட்ட வைக்கிற கூட்டாளி வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி இவற்றில் இருப்பது. ஒட்டவிடாமல் தடுக்கிற ஆசாமி யார் தெரியுமா? நாம் சாப்பிட்ட கையோடு குடிக்கிற காபியும் டீயும்தான்! அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காபி வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

வைட்டமின் சி-க்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு தாங்காது, தண்ணீரில் கரைந்துவிடும். ஆகவே கீரையைக் குக்கரில் போட்டு ஆறு விசில் விடுவதும், நறுக்கியபின் அலசுவதும், பச்சை நிறம் போகாமலிருக்க ஆப்பசோடா போடுவதும் நஷ்டம். கரோட்டினுக்கோ எண்ணெய் வேண்டும். எண்ணெயே இல்லாமல் வேகவைத்துச் சாப்பிட்டால் அது சரியாக உடம்பில் சேராது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கூட்டாஞ்சோறு செய்வோமா?

குக்கர் கூட்டாஞ்சோறு (நாலு பேருக்கு)

தேவையானவை: பச்சரிசி - 1 டம்ளர் (200 கிராம்), துவரம்பருப்பு - அரை டம்ளர், நறுக்கிய காய் - 2 டம்ளர் (கத்திரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், சீனியவரை, முருங்கைக்காய் என்று எது கிடைக்கிறதோ அது), உருவிய முருங்கைக்கீரை - 4 கைப்பிடி, புளி - நெல்லிக்காய் அளவு, மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன், உப்பு - தேவைக்கு, எலுமிச்சம்பழம் - அரை மூடி.

அரைக்க: தேங்காய்த் துருவல் - அரை டம்ளர், மிளகாய் வற்றல் - 5, சீரகம் - 1 டீஸ்பூன், சின்ன வெங்காயம் - 6, பூண்டு - 3 பல்.

தாளிக்க: நல்லெண்ணெய் - 3 டீஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு - தலா அரை டீஸ்பூன், கறிவேப்பிலை - 2 ஆர்க்கு, தாளிப்பு வடகம் இருந்தால் கொஞ்சம்.

செய்முறை:

1. அரிசியைக் களைந்து 20 நிமிடம் ஊற வையுங்கள். அந்த நேரத்தில் பருப்பை மஞ்சள்தூளோடு ஒன்றரை டம்ளர் தண்ணீரில் குக்கரில் வைத்து இரண்டு விசில் விடுங்கள். துவரம்பருப்பு அரிசியைவிட மெதுவாக வேகும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்று குழையும், ஒன்று நறுக்கு நறுக்கென்று நிற்கும்.

2. ஆவி அடங்கியதும் திறந்து, அரிசி, பெரிய துண்டுகளாக நறுக்கிய காய், மிக்ஸியில் அரைத்த விழுது, உப்பு, மூன்று டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கிளறுங்கள். மூடி இரண்டு விசில். புழுங்கலரிசி என்றால் நாலு.

3. புளியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, தனியாக ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் பச்சை வாடை போகக் கொதிக்க வையுங்கள். குக்கரைத் திறந்தபின் இதைச் சேருங்கள். புளியை ஏன் முதலிலேயே போடவில்லை? புளிப்பு பட்டால் காயும் பருப்பும் இறுகிக்கொண்டு வேகாது. அலுமினியக் குக்கராக இருந்தால் புளியை அதில் வெகுநேரம் கொதிக்க விடுவதும் நல்லதல்ல. புளிப்பில் அலுமினியம் கொஞ்சம் கரையும்.

4. இரும்புச் சட்டி இருந்தால் எடுங்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, வடகம், கறிவேப்பிலை தாளித்து, கழுவிய கீரையை அதிலேயே போட்டு இரண்டு மூன்று நிமிடம் வதக்குங்கள். சுருங்கியதும் சோற்றில் கொட்டிக் கிளறி, மூடி, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்தச் சூட்டிலேயே கீரை பதமாகிவிடும். கரோட்டினுக்கு வேண்டிய எண்ணெயும் கிடைத்துவிட்டது.

5. பரிமாறும்போது, தட்டில் வைத்தபின், எலுமிச்சம்பழம் நாலு சொட்டுப் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள். சத்தும் போகும், கசப்பும் தட்டும்.

சோறு பொலபொலவென்று இருக்கக்கூடாது; கரண்டியில் எடுத்தால் தளர்ந்து விழ வேண்டும். இறுகினால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ்வற்றலும்தான் வழக்கம். அதோடு இந்தத் துவையலையும் சேர்த்துக்கொள்ளுங்களேன்.

பச்சை நெல்லிக்காய்த் துவையல்

பெரிய நெல்லிக்காய் மூன்று, தேங்காய்த் துருவல் மூன்று டேபிள்ஸ்பூன், பச்சை மிளகாய் இரண்டு, ஒரு பிடி மல்லித்தழை, உப்பு. நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்தால் முடிந்தது. வதக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். சாப்பிட உட்காரும் முன்னால் அரைப்பது நல்லது. அரைத்து வைக்க வைக்க வைட்டமின் சி குறையும்.

எலெக்ட்ரிக் குக்கர்தான் இருக்கிறதா?

ஹாஸ்டலில், தனி அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கூட்டாஞ்சோறு கைகூடும். துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு போடுங்கள். அரிசியோடு சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்தால் ஒன்றாகவே வெந்துவிடும். காய், அரைத்த விழுது, உப்பு, நாலு டம்ளர் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஸ்விட்சைப் போடுங்கள். பாதிக்கு மேல் நிரம்பினால் பொங்கி வழியும், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் தானாக மேலே வந்ததும் கீரையைப் பொடியாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயோடு கலந்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். புளி வேண்டாம். தட்டில் எலுமிச்சை போதும்.

குக்கர் விஷயத்தில் கவனம்

பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடாகும். அதனால்தான் சீக்கிரம் வேகிறது. அந்த அழுத்தம் விளையாட்டல்ல. அரிசி, பருப்பு வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் இறுகிப்போனால் மாற்றிவிடுங்கள். அவசரம் என்று ஆவி அடங்கும் முன் மூடியை இழுக்கவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். வால்வையும் அந்தக் கம்பெனியுடையதாகவே போடுங்கள்.

இரண்டு தொட்டி இடம் இருந்தால்...

புறவாசல் இல்லாதவர்கள் என்ன செய்வது? மாடியில் இரண்டு பெரிய தொட்டி வையுங்கள். ஒன்றில் கறிவேப்பிலை. இன்னொன்றில் சிறுகீரை அல்லது தண்டுக்கீரை விதை தூவினால் மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம். முருங்கையைக்கூட பெரிய டிரம்மில் வளர்க்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்-1 ரகம் விதை போட்டே வருவது. மூன்றடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் புதராக நிற்கும். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் கீரைக்கு ஆகாது. பறித்த கீரையை முதலில் மூன்று முறை அலசிவிட்டு, அப்புறம் நறுக்குங்கள்.

கேட்கிறார்கள்... சொல்கிறோம்

*கீரை சாப்பிட்டால் இரும்பு மாத்திரை வேண்டாமா?*

வேண்டும். ரத்தசோகை வந்தபின் கீரையால் மட்டும் சரிக்கட்ட முடியாது. டாக்டர் சொன்ன காலம்வரை மாத்திரையைச் சாப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகவே தருகிறார்கள். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு மாத்திரை உண்டு. "வயிற்றைப் பிரட்டுது" என்று பெண் தூக்கி எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். அதிக உதிரப்போக்கு, மூலம், குடற்புழு இருந்தால் அதற்கும் வைத்தியம் பார்க்கணும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

*யாருக்காவது முருங்கைக்கீரை ஆகாதா?*

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடணும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். திடீரென்று கீரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. சர்க்கரைக்காரர்கள் கூட்டாஞ்சோற்றில் அரிசியைப் பாதியாக்கிக் காயை இரண்டு மடங்காக்கலாம்.

*மிச்சமானால் மறுநாள் வைத்துக்கொள்ளலாமா?*

சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்தால், மறுநாள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். அடுப்பு மேடையில் இரவெல்லாம் கிடந்ததை வேண்டாம். சூடாக்கினாலும் சில கிருமிகள் உண்டாக்கிய விஷம் போகாது.

*பிள்ளைகள் கீரையைப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறார்களே?*

வதக்கிய கீரையை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கலந்துவிடுங்கள். பொறுக்க எதுவும் இருக்காது!

ஆக, நினைவில் வைக்க வேண்டியது நாலே விஷயம். பருப்பு முதலில், புளி பின்னால், கீரை கடைசியில், எலுமிச்சை தட்டில். காபி ஒரு மணி நேரம் கழித்து. இதற்குக் காசு செலவில்லை. ஒரு பழக்கம்தான்.

வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அடியில் ஒட்டிய சோற்றையும் ஒரு டம்ளர் காபியையும் எடுத்துக்கொண்டு உட்காருகிற அம்மாவுக்குத்தான் இந்தக் கீரை அதிகம் தேவை. அடுத்த முறை கூட்டாஞ்சோறு செய்யும்போது உங்கள் தட்டில் முதலில் இரண்டு கரண்டி எடுத்து வையுங்கள். எலுமிச்சையும் உங்களுக்குத்தான்.

முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதுமையிலும் கையில் கோல் ஊன்றாமல் நடப்பான் என்று அதற்கு அர்த்தம் சொல்வதுண்டு. நட்டால் மட்டும் போதாது. பறித்து, பக்குவமாகச் சமைத்து, நீங்களும் சாப்பிட வேண்டும். என்ன, இன்னைக்கே ஒரு கொப்பு ஒடித்து வருகிறீர்களா?